முடிவுரையின் வரலாறு: காவிரி நாட்டுக் கதைகளும் வாசகரின் அதிருப்தியும்

1954ஆம் ஆண்டுக் கோடையில், மூன்றரை ஆண்டுகளாக வாரந்தோறும் 'கல்கி' இதழில் வெளிவந்துகொண்டிருந்த 'பொன்னியின் செல்வன்' நிறைவெய்தியபோது, முடிவு தங்களுக்குத் திருப்தியளிக்கவில்லை என்றும், இத்தனை பாத்திரங்களை நடுவழியிலே விட்டுவிட்டுத் திடீரென்று கதையை முடித்தது நியாயமன்று என்றும் நேயர்கள் முறையிட்டதன் விளைவாக, ஆசிரியர் ரா. கிருஷ்ணமூர்த்தி தனியே ஒரு முடிவுரை எழுத வேண்டியவரானார். 2019ஆம் ஆண்டு ஜூலையில், அமெரிக்காவில் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் வெளிவந்த 'தி வாக்கிங் டெட்' என்னும் சித்திரத் தொடர், தன் 193ஆம் இதழோடு யாதொரு முன்னறிவிப்புமின்றி நின்றுவிட்டபோது, அதை எழுதிவந்த ராபர்ட் கிர்க்மனும் அவ்விதழின் கடைசிப் பக்கங்களில் வாசகருக்கு ஒரு நீண்ட கடிதம் வரைந்து தம் செயலுக்குக் காரணம் கூறினார். முன்னது சோழர் மணிமுடியைப் பற்றிய சரித்திரக் கதை. பின்னது மாண்டவர் எழுந்து நடமாடி உலகம் சீரழிந்த பிறகு எஞ்சிய சிலர் பிழைத்த கதை. அறுபத்தைந்து ஆண்டுகளும் இரண்டு கண்டங்களும் இடையே கிடந்தாலும், அம்முடிவுரையும் அக்கடிதமும் ஆகிய இவ்விரு சாசனங்களும் ஒரே இலக்கிய வகையைச் சேர்ந்தவை என்பதும், அவ்வகை தோன்றி வளர்ந்த விதத்தை ஆராய்வதற்குக் காவிரியின் கழிமுகநாட்டைவிடத் தக்க இடம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

உலகம் அழிந்த பின்னும் எஞ்சியவர் கதை இந்நாட்டுக்குப் புதியதன்று. பிரளய காலத்தில் சிருஷ்டி பீஜமும் அமுதமும் வைத்த கும்பம் வெள்ளத்தில் மிதந்து வந்து தங்கிய இடமே கும்பகோணம் என்றும், வேட வடிவம் கொண்ட சிவபெருமான் எய்த அம்பினால் அக்கும்பம் உடைந்தது என்றும் தலபுராணம் கூறும்; ஊழி வெள்ளத்தில் இறைவன் தோணியேறி வந்து தங்கியதனாலேயே சீகாழிக்குத் தோணிபுரம் என்று பெயர் வந்ததாக மற்றொரு புராணம் கூறும். காவிரி கடலோடு கலக்குமிடத்தில் இந்திரவிழா மறக்கப்பட்டமையால் புகார் நகரத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலைக் காப்பியம் சொல்கிறது. இக்கதைகளுள் ஒன்றேனும் வெள்ளத்தோடு முடிவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கும்பம் உடைந்த பின் ஓர் ஊரும் ஒரு குளமும் பன்னிரண்டாண்டுக்கு ஒரு முறை வரும் மகாமகமும் உண்டாகின்றன. புகார் மூழ்கிய பின்னும் மணிமேகலையின் பயணம் காஞ்சி வரையில் நீள்கிறது. அழிவைக் கேட்டவர் அதற்கடுத்தபடியாக யார் பிழைத்தார், எங்கே போனார் என்று வினவுவது இயல்பாதலின், அவ்வினாவுக்குரிய விடையைப் புராணகாரர் தம் கதைக்குள்ளேயே பொதிந்து வைத்தனர்.

விடை பொதியப்படாத இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. தேரழுந்தூரிற் பிறந்த கம்பர் தம் இராமகாதையைத் திருமுடி சூட்டலோடும், வந்தவர்க்கெல்லாம் விடை கொடுத்தலோடும் மங்களமாக முடித்துக்கொண்டார். பட்டாபிஷேகத்துக்குப் பின் சீதைக்கு நேர்ந்ததை வடமொழிக் கதை வழியே அறிந்திருந்த தமிழருக்கு அம்முடிவு போதவில்லை போலும். உத்தரகாண்டம் தமிழில் தனியே பாடப்பட்டது. அதைப் பாடியவர் சோழர் அவைக்களப் புலவராகிய ஒட்டக்கூத்தர் என்று மரபு சொல்கிறது. ஏட்டுச்சுவடிகளின் காலத்தில் ஒரு கதையின் முடிவை ஏற்காதவனுக்குத் திறந்திருந்த வழி இதுவே: அவன் புலவனாயின் மேற்கொண்டு பாடினான், பாகவதனாயின் கதாகாலட்சேபத்தில் தன் மனம்போல் விரித்துரைத்தான், கேட்போனாயின், அப்படி விரித்துரைக்கும் பாகவதரையே தன் ஊருக்கு மீண்டும் வரவழைத்தான். ஆக்கியோனிடம் சென்று முறையிடும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. ஆக்கியோன் பெரும்பாலும் உயிரோடு இருந்ததுமில்லை.

அச்சு வந்த பிறகே நிலைமை மாறிற்று. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டபோது அது முழு நூலாகவே வாசகர் கைக்கு வந்தது; 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் பகுதி பகுதியாக வெளிவந்த ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திர'மோ, அடுத்த இதழ் வரும்வரை வாசகனைக் காக்கவைத்தது. காத்திருத்தல் என்பது சிறு விஷயமன்று. ஒரு நூலை இரண்டு நாளில் படித்து முடிப்பவன் அதன் விருந்தாளி. வாரந்தோறும் ஒரு பகுதியைப் படித்து, மறுவாரம் வரை திண்ணையிலும் குளத்தங்கரையிலும் ரயில் பெட்டியிலும் மேற்கொண்டு நடக்கப்போவதைப் பற்றி விவாதித்து, தானே ஒரு கதையை மனத்துக்குள் கட்டிக்கொண்டுவிட்டவனோ, அதன் பங்காளி. பங்காளிக்குப் பாத்தியதை உண்டு. மன்னார்குடிப் பக்கத்து வடுவூரில் தோன்றிய துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்கள் வாசிக்கும் பழக்கத்தைப் பெருக்கின. 'ஆனந்த விகட'னும் பின்னர் 'கல்கி'யும் அதை வீட்டில் எல்லாருக்கும் உரியதாக்கின. தபால் என்னும் அரிய வசதி, அந்தப் பாத்தியதையை ஆசிரியரின் மேஜை வரையில் கொண்டு சேர்த்தது.

கல்கி என்னும் புனைபெயரில் எழுதிய கிருஷ்ணமூர்த்தி, மாயூரம் வட்டாரத்துப் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்தவர். 1950 அக்டோபரில் அவர் தொடங்கிய பெருங்கதை, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் செல்லும் வந்தியத்தேவன் என்னும் குதிரை வீரனோடு ஆரம்பித்து, பழையாறையிலும் தஞ்சையிலும் நாகப்பட்டினத்திலும் கோடிக்கரையிலும் நடந்தமையால், தஞ்சை மாவட்டத்து வாசகர் தாம் அன்றாடம் மிதித்த மண்ணையே அதில் படித்தனர். இங்கே ஓர் இணைவைக் குறிக்காமல் விடுவதற்கில்லை. 1952 நவம்பர் இறுதியில் ஒரு கடும்புயல் நாகப்பட்டினத்தருகே கரையேறி மாவட்டத்தைச் சூறையாடிற்று. அதற்குப் பின் வெளிவந்த ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்தில், நாகைக் கடல் பொங்கி ஊருக்குள் புகுகிறது. சூடாமணி விகாரம் வெள்ளத்தில் மூழ்குகிறது. பின்னாளில் இராசராசனாகும் இளவரசன் அருள்மொழிவர்மன் உயிர்களைக் காக்க முனைகிறான். ஓட்டுக்கூரை பறந்துபோன வீட்டிலிருந்துகொண்டு அந்த அத்தியாயங்களைப் படித்தவருக்கு அவை வெறுங்கற்பனையாக இருந்திருக்க மாட்டா. இத்தகைய வாசகர், பேரழிவுக்குப் பின் யார் எங்கே என்று கேட்பதில் வியப்பில்லை.

இனி, முடிவுரையை நோக்குவோம். கல்கி அதில் நேயர்களின் கேள்விகளை அலட்சியம் செய்யவில்லை. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நடந்ததா, நந்தினி என்ன ஆனாள் என்பன போன்ற வினாக்களை எடுத்துக்கொண்டு, சரித்திரம் அறிந்த அளவிலும் தாம் கருதிய அளவிலும் விடை தருகிறார். அதற்கு முன்னதாக அவர் நிறுவுகின்ற ஒரு தத்துவமே அந்த முடிவுரையின் உயிர்நாடி: முழுதும் கற்பனையான கதையில் பாத்திரங்கள் அனைவரையும் ஒரு முடிவில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம், சரித்திரக் கதையிலோ, கதை முடிந்த பின்னும் அந்த மனிதர்கள் மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்து பெருஞ்செயல்கள் புரிந்திருக்கிறார்களாதலால் அவ்வாறு செய்வதற்கில்லை. கைக்கெட்டிய மணிமுடியை அருள்மொழிவர்மன் பிறருக்கு அளித்த தியாகமே இக்கதையின் சிகரம். சிகரத்தை அடைந்ததும் கதை முடிந்தாக வேண்டும்.

இந்த வாதம் செம்மையானதே என்றாலும், நேயர்களின் குறையை அது முற்றிலும் தீர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. கதையின் நடுநாயகமான மர்மம், அதாவது பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது, நாவலில் தெளிவாக அவிழ்க்கப்படாமலே நிற்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகளென்று குறிக்கும் உடையார்குடிக் கல்வெட்டு ஆராய்ச்சியாளரையே இன்றுவரை வாதிக்கவைத்துக் கொண்டிருக்க, நாவலாசிரியர் துணிந்து ஒரு தீர்ப்புச் சொல்லத் தயங்கினார் என்றால் அது நேர்மையின்பாற்பட்ட தயக்கமே. ஆனால் மற்றொரு கேள்விக்கு விடை, கடிதம் எழுதிய தஞ்சை வாசகரின் வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. 1010ஆம் ஆண்டில் நிறைவேறிய இராசராசேச்சரமாகிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள், இராசராசனின் தமக்கையாகிய குந்தவைப் பிராட்டியை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்றே குறிக்கின்றன. கதை நடக்கும் காலத்துக்கும் இராசராசன் முடிசூடிய 985க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைக் கல் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. வாசகன் வேண்டியதோ அந்தச் சுருக்கத்தின் விரிவு.

அந்த விரிவைக் கல்கியிடம் மறுபடி கேட்க இயலவில்லை. 1954 டிசம்பர் 5ஆம் நாள் அவர் காலமானார். அப்போது பாதியில் நின்ற 'அமரதாரா'வை அவர் குறிப்புக்களைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார். பொன்னியின் செல்வனுக்குப் பிந்திய காலத்தை விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் தொடர்ந்து எழுதினார். இராசேந்திரன் காலத்தை அகிலன் 'வேங்கையின் மைந்த'னில் எழுதி 1963ஆம் ஆண்டுக்குரிய சாகித்ய அகாதெமிப் பரிசு பெற்றார். வயது முதிர்ந்த வந்தியத்தேவனை அந்நாவலில் காண்கிறோம். ஒட்டக்கூத்தரின் வழி மீண்டும் திறந்தது என்று இதைக் கொள்ளலாம். வாசகரின் அதிருப்தி இவ்வாறு இரண்டு கிளைகளாகப் பிரிந்தது: ஒன்று ஆசிரியரை முடிவுரை எழுதவைத்தது, மற்றொன்று பிறரைத் தொடர்ச்சி எழுதவைத்தது.

சித்திரக்கதையின் வரலாற்றுக்கு இங்கிருந்து தூரம் அதிகமில்லை. ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவனையும் குந்தவையையும் நந்தினியையும் கண்ணால் கண்ட பிறகே தமிழ் வாசகன் அவர்களை நம்பினான். தொடர்ப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைத்த பைண்டு புத்தகம் ஒவ்வொன்றும் பாதி சித்திரக்கதையே. 1960இல் 'தினத்தந்தி'யில் தொடங்கிய 'கன்னித்தீவு', முடிவென்னும் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தது: அது முடியவே இல்லை. சிந்துபாத்தும் லைலாவும் தலைமுறைகள் கடந்து அலைந்துகொண்டிருக்க, இழுத்துக்கொண்டே போகும் எந்த வழக்குக்கும் எந்த வாய்க்கால் தகராறுக்கும் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்வது பேச்சுவழக்காயிற்று. 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸும், 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸும் அயல்நாட்டுத் தொடர்களை மொழிபெயர்த்து வழங்கியமையால், முடிவைப் பற்றிய முறையீட்டை ஏற்க ஆக்கியோர் அருகில் இல்லை. பதிப்பாசிரியரே அவர் ஸ்தானத்தில் நின்று வாசகர் கடிதங்களுக்கு மறுமொழி சொல்லவேண்டியிருந்தது. 'இரத்தப் படலம்' என்னும் தொடர் பல ஆண்டுகள் விட்டுவிட்டு வெளிவந்து, முழுக்கதையும் வேண்டுமென்று வாசகர் விடாது கேட்டதன் பயனாக 2010இல் ஒரே பெருந்தொகுப்பாக அச்சேறியது, வாரத் தொடரில் பிறந்த அந்தப் பாத்தியதை காமிக்ஸ் வாசகரிடமும் குன்றாது இருந்தமைக்குச் சான்று.

இவ்வரலாற்றின் ஒளியில் கிர்க்மனின் கடிதத்தைப் படித்தால் அதன் பொருள் விளங்கும். தொடர் முடியப்போவது வெளியே தெரியாதிருக்கும் பொருட்டு, வராத இதழ்களுக்கும் அட்டைப் படமும் விளம்பரமும் தயாரித்து அவர் அதை வாசகரிடமிருந்து மறைத்தார். முடிவு முன்கூட்டித் தெரிந்தால் படிக்கும் இன்பம் கெடும் என்பது அவர் கூறிய நியாயம். முந்திய இதழில் நாயகன் ரிக் கொல்லப்பட்டிருக்க, இறுதி இதழ் பல ஆண்டுகளைத் தாண்டிச் சென்று, அவன் மகன் கார்ல் வளர்ந்து, தன் சிறுமகளுக்குப் பாட்டனாரின் கதையைப் படித்துக் காட்டும் காட்சியோடு நிற்கிறது. முற்காலத்தில் தாம் எண்ணியிருந்த முடிவு வேறு என்றும், ரிக்கின் சிலை சிதைந்து நிற்க, மாண்டவர்களே வென்றதாகக் காட்டிக் கதையை முடிக்க நினைத்து, பின்னர் அது தகாதெனக் கைவிட்டதாகவும் கிர்க்மன் அக்கடிதத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். வாசகருள் ஒரு சாரார் விடைபெறக்கூட அவகாசம் தராமல் பறித்துக்கொண்டதாக வருந்தினர். மற்றொரு சாரார் அமைதியான அந்த இறுதிக் காட்சியைப் போற்றினர். கல்கியும் கிர்க்மனும் வேறுபடும் இடம் ஒன்று. கிர்க்மன் கேள்வி வருமுன்னே விடையை எழுதி அதே இதழில் சேர்த்துவிட்டார். கல்கி கேள்விகளைக் கேட்ட பின்பு எழுதினார். கேட்டபின் எழுதிய முடிவுரையே மேலானது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அதில் வாசகரின் குரலும் பதிந்திருக்கிறது.

2023இல் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்தபோது, மணிமுடியைப் பெறும் சேந்தன் அமுதனைச் சுற்றிப் பின்னப்பட்ட நாவலின் முடிவு மாற்றப்பட்டதற்காக எழுந்த வாதப் பிரதிவாதங்கள், அந்தப் பழைய பாத்தியதை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் காலாவதியாகவில்லை என்பதைக் காட்டின.

ஆயினும் இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பெருந்தடை உண்டு. தொடர்கதைப் பக்கங்களை அருமையாகப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்த நம் பாட்டிமாரும் பாட்டன்மாரும், நேயர் கடிதங்கள் அச்சான பக்கங்களைக் கதையல்ல என்று கருதி எடைக்குப் போட்டுவிட்டனர். கதை எஞ்சிற்று, அதைப் படித்தவர் சொன்னது அழிந்தது. கும்பகோணத்திலோ மாயூரத்திலோ மன்னார்குடியிலோ, பிரிக்கப்படாத 1954ஆம் ஆண்டுக் 'கல்கி' இதழ்கள் எவர் வீட்டுப் பரணிலேனும் இருக்குமாயின், அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் கொடுத்துவிடாமல், தஞ்சை சரஸ்வதி மகாலுக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ தெரிவிக்குமாறு இதை வாசிப்போரைக் கேட்டுக்கொள்கிறேன்.