மதுரை வட்டாரத்தின் வீட்டுமொழிகளும் ஆங்கிலக் கல்வியும்

மதுரை நகரிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் தமிழுடன் சௌராட்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவையும் வீடுகளில் பேசப்படுகின்றன. ஆங்கிலம் இங்கே பள்ளிக்கூடம் வழியாக வந்த மொழி.

தெலுங்கு விசயநகரப் படையெடுப்புகளோடு வந்து, 1529 முதல் 1736 வரை நீடித்த நாயக்கர் ஆட்சியில் வேரூன்றியது. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இன்றும் அதைக் கேட்கலாம். பேசுபவர்களில் பலருக்கு அதன் எழுத்து தெரியாது. பழைய மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடக் குடும்பங்கள் உண்டு.

இவற்றுள் மதுரைக்கே உரியதாகிவிட்டது சௌராட்டிரம். பட்டுநூல்காரர் எனப்பட்ட நெசவாளர்கள் குஜராத்திலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விசயநகரம் எனப் பல இடங்களில் தங்கி மதுரைக்கு வந்தவர்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்கள் அவர்களுடைய பழைய குடியிருப்பு. நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) இம்மொழியில் கீர்த்தனைகள் பாடினார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமராய் என்பவர் இதன் தனி எழுத்தைச் சீர்செய்து பாடநூல்கள் அச்சிட்டார். அந்த எழுத்து 2008-இல் யூனிகோடில் இடம்பெற்றது. ஆயினும் பெரும்பாலோர் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறார்கள். க, ச, ட, த, ப எழுத்துகளின் மேல் 2, 3, 4 என்று சிற்றெண் இட்டு, தமிழில் தனி எழுத்தில்லாத ஒலிகளைக் காட்டுகிறார்கள். ஒரு மொழியை விட்டுவிடாதிருக்க அதன் மக்கள் எடுத்த அருமையான முயற்சி இது.

ஆங்கிலமோ பள்ளிக்கூடம் வழியாக வந்தது. கிறித்தவ அமைப்பான அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் இங்கே பணியைத் தொடங்கியது. அதன் கல்விப் பணியிலிருந்து 1881-இல் பசுமலையில் உருவானதே அமெரிக்கன் கல்லூரி. பெண்களுக்கென டோக் பெருமாட்டி கல்லூரி 1948-இல் வந்தது. 1968-இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றபின் தமிழும் ஆங்கிலமும் அரசுப் பள்ளியின் இரு மொழிகளாயின. வீட்டில் சௌராட்டிரமோ தெலுங்கோ பேசும் பிள்ளைக்கு இதனால் ஆங்கிலம் மூன்றாம் மொழி. தெருவில் பழகிய தமிழ் கைகொடுக்கிறது; ஆங்கிலமோ வகுப்பு முடிந்தால் காதில் விழுவதில்லை. கிராமத்துப் பிள்ளை படிக்கவும் எழுதவும் கற்றும் பேசத் தயங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். திறமைக் குறைவு அல்ல.

இந்தப் பன்மொழி வாழ்க்கையை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுதாகக் காட்டுவதில்லை. அதில் தாய்மொழி தவிர இரண்டு மொழிகளுக்கே இடமுண்டு. சௌராட்டிரமும் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் அறிந்தவரின் ஒரு மொழி பதிவாகாமலே போகும். ஒருவர் ஆங்கிலத்தை எவ்வளவு அறிவார் என்பதையும் அது அளப்பதில்லை. மேலும், சௌராட்டிரம் அங்கே குஜராத்தியின் கீழ் வைக்கப்பட்டுள்ளது. 2011-இல் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் 2,47,702 பேர். பொதுப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் மதுரையில் குஜராத்தியர் திரளாக வாழ்வதாகவே எண்ணுவார். இந்த வகைப்பாடு மாற வேண்டும். வீட்டில் பேசும் மொழி எதுவோ அதையே, கணக்கெடுப்பாளர் வரும்போது, தயங்காமல் பெயர் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.