கால அளவுகளின் மாற்றம்

கண்ணிமைக்கும் பொழுதினும் நுண்ணிய கூறு முதல், நானூறு கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகளைத் தன்னுள் அடக்கிய கல்பம் ஈறாக உள்ள அளவுகளை ஒரே தொடராகப் பிணைத்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கணிதம் பாரத தேசத்துச் சோதிஷ நூல்களில் தொன்றுதொட்டு வழங்கிவருவதாகும். கல்கத்தாவின் கரியாஹாட்டில் வங்காளியர் தண்டம், பலம், விபலம் என்று சொல்பவற்றையே, சற்று மேற்கே லேக் மார்க்கெட்டை அடுத்து வாழும் தமிழர் நாழிகை, விநாழிகை, தற்பரை என்பர். நாழிகை 24 நிமிஷம். அதில் அறுபதில் ஒன்று விநாழிகை. அதிலும் அறுபதில் ஒன்றாகிய தற்பரை 0.4 விநாடி.

சூரிய சித்தாந்தம் மனிதன் ஒருமுறை மூச்சுவிடும் பொழுதைப் பிராணன் என்று கொண்டு, ஆறு பிராணன் ஒரு விநாழிகை என வகுத்தது. இவ்வாறு ஒரு நாளுக்கு 21,600 பிராணன்கள் ஆகின்றன. வட்டத்திலுள்ள கலைகளும் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) 21,600 ஆதலின், ஒரு மூச்சுக்கு வானமண்டலம் ஒரு கலை நகர்கிறது என்னும் அழகிய பொருத்தம் கிடைக்கின்றது. 1150-இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய பாஸ்கரர் விநாடியின் 33,750-இல் ஒரு பங்காகிய துருடி வரை இறங்கினார். மறுமுனையில் மகாயுகம் 43,20,000 ஆண்டு. அது ஆயிரம் கூடியது கல்பம். இப்பேரெண்களைப் புராணக் கற்பனை என்று தள்ளுதல் தகாது. கிரகங்களின் சுற்றுகள் பின்னமின்றி முழு எண்களாக அமைவதற்கே மகாயுகத்திற்கு 157,79,17,828 நாட்கள் என்று விதித்தனர்.

இம்மாற்றம் நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதை, ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூல் காட்டுகிறது. அவர் கண்ட புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், எழுதுகோலைத் தொடாமல், சோழிகளைத் தரையில் பரப்பிக் கணக்கிட்டார். கி.மு. 3102 பெப்ரவரி 18-இல் தொடங்கும் கலியுகத்தில் கழிந்த நாட்களிலிருந்து 16,00,984-ஐக் கழித்து, எஞ்சியதை 12,372-ஆலும், அதன் மீதியை 3,031-ஆலும், அதன் மீதியை 248-ஆலும் வகுத்து, இறுதியில் நின்ற சிற்றெண்ணுக்குரிய மனப்பாட வாக்கியத்தால் சந்திரனின் இடத்தை அறிந்தார். அவ்வாண்டு மே 31 இரவு நிகழ்ந்த கிரகணத்தின் தொடக்கத்தை 4 நிமிஷ பேதத்திலும், நடுவை 23 நிமிஷ பேதத்திலும் அவர் சொன்னது, நினைவாற்றலையும் சோழிகளையும் மட்டுமே கருவியாகக் கொண்ட ஒருவரின் மகத்தான சாதனையே.

எனினும் சிற்றளவின் பிழை பேரளவில் பெருகும். சூரிய சித்தாந்த வருஷம் பருவங்களை ஆளும் சாயன வருஷத்தினும் ஏறத்தாழ ஒரு நாழிகை நீண்டது. இதிற் பெரும்பகுதி சம இரவுப் புள்ளி நகரும் அயன சலனத்தால் வருவது, மூன்றரை நிமிஷம் அளவே நூலின் பிழை. அந்த ஒரு நாழிகை அறுபது ஆண்டில் ஒரு நாளாகி, 1,400 ஆண்டில் 23 நாளாகியதால், சம இரவு நாளையொட்டிப் பிறக்கவேண்டிய புத்தாண்டு ஏப்ரல் நடுவுக்குத் தள்ளிப்போயிற்று. 1952-இல் மேகநாத சாஹாவின் தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இதனை எடுத்துக்காட்டியது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22-இல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது.

வங்காளத்தில் பழைய கணிதத்தைத் திருத்துவது பற்றிய விவாதம் அதற்கு முன்பே எழுந்தது. 1869 முதல் வரும் குப்தா பிரெஸ் பஞ்சிகை (பஞ்சாங்கம்) பழைய கணிதத்தைப் பின்பற்ற, 1890-இல் தோன்றிய விசுத்த சித்தாந்தப் பஞ்சிகை வானை நோக்கித் திருத்திய கணிதத்தை மேற்கொண்டது. கரியாஹாட்டையடுத்த ஏக்டாலியாவிலும் சிங்கி பார்க்கிலும் நிகழும் துர்க்கா பூஜையில் சந்தி பூஜை மிகப் புனிதமானது. அஷ்டமியின் கடைசித் தண்டமும் நவமியின் முதல் தண்டமும் சேர்ந்த 48 நிமிஷமே அதற்குரிய காலம், அதற்குள் 108 தீபங்கள் ஏற்றப்படவேண்டும். இரு பஞ்சிகைகளிலும் திதி முடிவு சில ஆண்டுகளில் மணிக்கணக்கில் வேறுபடுவதால், எதனைக் கைக்கொள்வது என்று பூஜைக் குழுவினர் முன்னரே தீர்மானிக்க நேர்கிறது. பேலூர் மடம் விசுத்த சித்தாந்தத்தையே பின்பற்றுகிறது.