மனநோயும் மதிற்சுவரும்

மனநோய் பற்றி அறியப் புகும் எவரும் முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். நோயினால் ஒரு மனிதனுக்கு நேர்வது ஒன்று. நோயாளி என்று ஒதுக்கப்பட்டதனால் அவனுக்கு நேர்வது மற்றொன்று. வைத்திய உலகம் நெடுங்காலம் இவ்விரண்டையும் ஒன்றாகவே கண்டது. இவற்றைப் பிரித்தறிய முயன்றவர்களுள் இத்தாலிய வைத்தியர் பிராங்கோ பசாலியா தலையாயவர்.

‘விசர்’ என்ற ஒரு சொல்லினுள் நாம் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். வைத்திய நூல்களோ பலவாக வகுக்கின்றன. வாரக்கணக்கில் நீங்காத துயரம், நித்திரையின்மை, எதிலும் நாட்டமின்மை என்பன மனச்சோர்வு நோயின் குறிகள். தகுந்த காரணமின்றி எழும் அச்சம் அன்றாட வாழ்வையே முடக்குமாயின் அது பதகளிப்பு நோய். பேசுவோர் இல்லாதபோதும் குரல் கேட்டல், பிறர் தமக்கெதிராகச் சதி செய்கின்றனர் என அசையாது நம்புதல் முதலியன உளச்சிதைவு என்னும் கடுமையான நோயின் குறிகள். முன்னைய இரண்டும் பரவலானவை. அவற்றால் வருந்துவோரிற் பலர் எம்மிடையே தொழில் செய்துகொண்டே வருந்துகின்றனர். மூன்றாவது அவ்வளவு பரவலானதன்று. ஆயினும், மதிலுக்குள் ஆயுள் முழுவதையும் கழித்தோருட் பலர் அந்நோய்க்கு ஆளானவர்களே.

இத்தாலியில் அம்மதிலுக்கு அரணாக நின்றது 1904ஆம் ஆண்டுச் சட்டம். தனக்கோ பிறர்க்கோ ஆபத்தானவர், பொது இடத்தில் இழுக்கு விளைவிப்பவர் ஆகியோரை அடைத்துவைக்க அது வகைசெய்தது. குணப்படுத்துதலிலும் காவலே அதன் முதல் நோக்கம். அடைக்கப்பட்டவரின் பெயர் குற்றப் பதிவேட்டிலும் ஏறியது. செல்வன் வீட்டுப் பிள்ளை தனியார் வைத்திய விடுதிக்குப் போனான். ஏழை உழவனும் வேலையிழந்த தொழிலாளியும் மதிலுக்குள் போயினர். நோயின் பெயர் ஒன்றாயினும் விதி வேறாயிற்று.

பசாலியா 1924இல் வெனிசு நகரிற் பிறந்தவர். மாணவப் பருவத்தில் பாசிச எதிர்ப்பிற்காகச் சிறை சென்றவர். 1961இல், அந்நாளைய யூகோஸ்லாவிய எல்லையோரமிருந்த கொரிற்சியா நகரின் மனநோய் வைத்தியசாலைக்கு அவர் பணிப்பாளரானார். முதல்நாளிலேயே, கட்டிவைக்கப்பட்ட நோயாளரின் பெயர்கள் எழுதிய ஏடு ஒப்பத்திற்காக அவர்முன் வைக்கப்பட்டது. அவர் ஒப்பமிட மறுத்தார். நாளடைவில் கட்டுகள் அவிழ்ந்தன, கம்பிகள் அகன்றன, கதவுகள் திறந்தன. நோயாளரும் தாதியரும் வைத்தியரும் ஒன்றாக அமர்ந்து பேசும் கூட்டங்கள் நடைபெறலாயின.

அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. வாய்திறவாமை, குனிந்த நடை, எதனையும் விரும்பாத வெறுமை ஆகிய யாவும் நோயின் குறிகளென்றே எண்ணப்பட்டு வந்தன. அவற்றுட் பல, ஆண்டுக்கணக்கான அடைப்பினால் விளைந்தவை. 1959இல் இங்கிலாந்து வைத்தியர் ரசல் பாட்டன் இதனையே தனியொரு நோயென எழுதியிருந்தார். பசாலியா நோயே இல்லை என்று வாதிட்டவரல்லர்; அவ்வாறு அவரைக் காட்டுவோர் அவருக்கு நீதி செய்யவில்லை. 1950களில் வந்த புதிய மருந்துகளையும் அவர் ஒதுக்கவில்லை. நோயைச் சிறிது அப்பால் வைத்துவிட்டு மனிதனைப் பார்ப்போம் என்பதே அவர் கொண்ட முறை.

இடர் வராமலில்லை. 1968இல், ஒருநாள் விடுப்பில் வீடு சென்ற நோயாளி ஒருவர் தம் மனைவியைக் கொன்றார். பசாலியாமீது வழக்குத் தொடரப்பட்டது; அவர் விடுதலையானார். ஆயினும் அந்தப் பெண்ணின் மரணத்தை இவ்வரலாற்றிலிருந்து நாம் நீக்கிவிட முடியாது.

1971இல் அவர் திரியெஸ்தே வைத்தியசாலைக்குச் சென்றபோது அங்கே ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். கூட்டுவதும் துடைப்பதும் அவர்களுட் பலருக்குச் ‘சிகிச்சை’யாக விதிக்கப்பட்டிருந்தன, கூலி இல்லை. அவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, அதே வேலைக்கு முறையான ஊதியம் பெறலாயினர். எம் நோக்கில், கதவு திறந்ததற்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று. கூலியில்லா உழைப்பைச் சிகிச்சையென்று பெயரிட்டு வாங்கியோர் எந்த நோயைக் குணமாக்கினர்?

அங்கே அழுக்குத் துணி வண்டியை இழுத்துவந்த குதிரையின் பெயர் மார்க்கோ. அது முதுமையடைந்தபோது, அதனைக் கொலைக்களம் அனுப்பவேண்டாமென நோயாளர் மனுச் செய்து காப்பாற்றினர். 1973இல் அக்குதிரையின் நினைவாக, கலைஞரோடு சேர்ந்து மரத்தாலும் காகிதக் கூழாலும் பெரிய நீலக்குதிரை ஒன்றை அவர்கள் செய்தனர். வாயிலை உடைத்தே அதனை வெளியே கொண்டுவர நேர்ந்தது, அத்துணை உயரம். நோயாளர் நூற்றுக்கணக்கானோர் அதனைப் பின்தொடர்ந்து நகர வீதிகளிற் சென்றனர்.

1978 மே 13இல் 180ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பழைய சட்டத்தை நீக்கக் கோரிய பொதுசன வாக்கெடுப்பு நெருங்கியதால் பாராளுமன்றம் விரைந்து செயற்பட்டது. புதிய மனநோய் வைத்தியசாலைகள் கட்டப்படலாகாது. பழையவை படிப்படியாக மூடப்படல் வேண்டும். கடும் நிலையிலுள்ளோர்க்குப் பொது வைத்தியசாலையில் சிறிய பிரிவுகள் அமைதல் வேண்டும் என்று அது விதித்தது.

பசாலியா 1980இல், 56ஆம் வயதில் இறந்தார். எல்லாக் கதவுகளும் மூடப்பட 1990களின் இறுதிவரை சென்றது. திரியெஸ்தேயில் இரவும் பகலும் திறந்திருக்கும் நிலையங்கள் எழுந்தன. பணமும் பணியாளரும் ஒதுக்கப்படாத மாகாணங்களிலோ, மதில் கைவிட்ட நோயாளியைத் தாயும் சகோதரியும் தனியே சுமந்தனர்.