அந்தமான் தீவின் கிளிஞ்சல் மேடுகள்

அந்தமான் என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுவது சிறைச்சாலையே. வரலாறு கற்ற அன்பர்கள் இன்னும் பின்னோக்கிச் சென்று, இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் எனக் குறிப்பதைச் சொல்லிப் பெருமை கொள்வர். அப்பெருமை தகும். ஆயினும், சோழர் கலம் செலுத்துவதற்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அந்தமானில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு மண்ணில் சான்று உண்டு. அச்சான்று கல்வெட்டன்று, உண்டு எறிந்த கிளிஞ்சல்!

தீவுக் கரைகளில் ஆங்காங்கே மேடுகள் காணப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் சமைத்து உண்டவர் எறிந்த கிளிஞ்சலும், பன்றி எலும்பும், பானையோடும், அடுப்புச் சாம்பலும் குவிந்து உயர்ந்தவையே அவை. 1870-இல் நிலவியல் அறிஞர் ஸ்டோலிச்கா இவற்றைப் பற்றி எழுதினார். 1950-களில் இத்தாலிய அறிஞர் சிப்ரியானி சின்ன அந்தமானில் அகழ்ந்தார். பின்னர்த் தென் அந்தமானில் சௌல்தாரி என்னுமிடத்து மேட்டைப் பி. சி. தத்தா ஆராய்ந்தார். 1980-களில் சரீன் கூப்பர் அம்மையார் பல மேடுகளைத் தேடிக் கண்டு ஆய்வை வளர்த்தார்.

அகழ்வோர் எடுத்தவுடன் மேட்டை முழுதும் வாருவதில்லை. சிறு சோதனைக் குழி ஒன்றை வெட்டி, அடுக்கடுக்காக மண்ணை நீக்கி, எது எந்த அடுக்கில் கிடைத்தது எனக் குறித்துக் கொள்வர். அலுவலகத்தில் பதிவேடுகளோடு பழகிய நமக்கு இம்முறை எளிதில் விளங்கும். அடியில் கிடப்பது பழையது. மேலே இருப்பது புதியது. அடுக்கில் கிடைத்த பொருளின் கரிமத்தை அளந்து காலமும் கணிப்பர். சௌல்தாரியில் கிடைத்த கணக்கு ஏறத்தாழ 2,200 ஆண்டுகள். அதற்கும் முந்திய கரைகள் கடலேற்றத்தால் மூழ்கியிருக்கலாம் என்று கருதுவோரும் உளர்.

ஆகவே, இம்மேட்டை வெறும் குப்பையென வெட்டிப் பள்ளத்தில் கொட்டினால் நேரும் இழப்பு சிறிதன்று. ஏடு கிழிந்தால் ஒட்டலாம். அடுக்குக் குலைந்த மேட்டை மீண்டும் அடுக்க எவராலும் இயலாது.

மேடு குவித்தவர் வழியினர் என்ன ஆயினர்? 1858-இல் ஆங்கிலேயர் கைதிகளைக் குடியேற்றிய காலத்தில் பெரிய அந்தமானியர் பல்லாயிரவர் இருந்தனர் என்பது மதிப்பீடு. மோதலும் தொற்றுநோயும் அவர்களை வாட்டின. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் பத்தொன்பதின்மரே! அதன்பின் அவர்கள் தொகை சற்றே உயர்ந்து, இன்று ஐம்பதையொட்டி நிற்கிறது.

பிறந்த ஊரை விட்டு வந்து காலனியில் வாழும் நாம் இதை மறத்தலாகாது. நாம் குடியேறும் நிலம் எதுவும் வெறுநிலம் அன்று. முன்னிருந்தோர் சுவடு காலடியில் உண்டு. அதை மதித்துக் காப்பது பின்வந்தோர் கடன்.