பறவையும் தானியமும்: ஆஸ்பர்ஜில்லோசிஸ் நோயின் மூலத்தைக் கண்டறிந்த வரலாறு

முன்னுரை

கோழிப்பண்ணைகளில் பொரித்த சில நாள்களிலேயே குஞ்சுகள் அலகைத் திறந்து மூச்சுக்குத் திணறி இறப்பதுண்டு. இதற்குரிய காரணங்களுள் ஒன்று ஆஸ்பர்ஜில்லோசிஸ் என்னும் பூஞ்சை நோய். இந்நோய் மனிதரையும் தாக்கும். அவ்வாறாயின், அது பறவையிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறதா, இரு சாராருக்கும் பொதுவான வேறொரு மூலத்திலிருந்து வருகிறதா? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வினாவுக்கு விடை காணப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதற்பதிவுகள்

இத்தாலியத் தாவரவியலாளர் பியர் அந்தோனியோ மிக்கேலி 1729இல் இப்பூஞ்சைக்கு ஆஸ்பர்ஜில்லஸ் எனப் பெயரிட்டார். அதன் வித்துத் தலை, தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியை ஒத்திருந்ததே பெயர்க்காரணம். 1815இல் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே பறவையொன்றின் நுரையீரலில் பூஞ்சை வளர்ந்திருந்ததை மேயர், எம்மெர்ட் ஆகியோர் பதிவுசெய்தனர். மனித நுரையீரலில் இப்பூஞ்சையை ருடோல்ஃப் ஃபிர்ஹோ 1856இல் விவரித்தார். கானமயில் இனப் பறவையொன்றின் சுவாச உறுப்புகளில் கண்ட பூஞ்சைக்கு ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்னும் பெயரை ஃபிரெசேனியஸ் 1863இல் வழங்கினார். ஆயினும், பூஞ்சை நோய்க்குக் காரணமா, நோயுற்ற உறுப்பில் பின்னர் குடியேறியதா என்பதில் ஐயம் நீடித்தது.

பாரிஸின் புறா ஊட்டுநர்கள்

1890இல் தியூலாஃபுவா, ஷாந்த்மெஸ், விதால் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்கள் பாரிஸின் புறா ஊட்டுநர்களிடையே இந்நோயை விவரித்தனர். இத்தொழிலாளர்கள் தானியத்தையும் நீரையும் தம் வாயில் நிரப்பி, விற்பனைக்குரிய புறாக் குஞ்சுகளின் அலகுக்குள் செலுத்துவர். அவர்களுக்கு இருமலும் இரத்தச் சளியும் தோன்றின; அறிகுறிகள் காசநோயை ஒத்திருந்தன. புறாக்களுக்கும் இந்நோய் இருந்ததால் பறவையே மூலம் எனக் கருத இடமிருந்தது.

இந்நிலையில் ரெனோன் மற்றொரு தொழிற்பிரிவினரிடமும் இந்நோயைக் கண்டார். அவர்கள் கூந்தலின் எண்ணெய்ப்பசையை நீக்க ரை என்னும் தானியத்தின் மாவைத் தூவிச் சீவுபவர்கள். அத்தொழிலில் பறவைக்கு இடமில்லை. பூஞ்சை வித்து படிந்த மாவு மட்டுமே இருந்தது. இரு தொழில்களுக்கும் பொதுவானது தானியமே என்பது இதனால் தெளிவாயிற்று. 1897இல் வெளியான ரெனோனின் நூல் விலங்குகளிலும் மனிதரிலும் தோன்றும் இந்நோயை ஒருங்கே ஆராய்ந்தது.

பறவை எளிதில் நோயுறுவது ஏன்?

பறவையின் உடலமைப்பு இதற்கு இடமளிக்கிறது. பறவைக்குக் குரல்வளை மூடியும் தசையாலான உதரவிதானமும் இல்லை. ஆதலின் பாலூட்டிகளைப்போல் வலுவாக இருமி வெளியேற்ற இயலாது. 2 முதல் 3 மைக்ரோமீட்டர் அளவுள்ள வித்துகள் நுரையீரலைக் கடந்து காற்றுப்பைகளை அடைகின்றன. அங்கு இரத்த ஓட்டம் குறைவு. ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் உடல் வெப்பமும் இப்பூஞ்சையின் வளர்ச்சிக்கு உகந்தது.

முடிவுரை

பாரிஸ் புறாவும் அதற்கு ஊட்டியவரும் ஒரே தானியத்தால் நோயுற்றனர். இந்நோய் பறவைக்குப் பறவை பரவுவதில்லை. ஈரமான கூளத்தையும் பூசணம் பிடித்த தீவனத்தையும் அப்படியே விட்டு, நோயுற்ற குஞ்சுகளை மட்டும் அகற்றுவதால் பயனில்லை. கூளத்தைக் கிளறும் தொழிலாளியும் அதே வித்துகளைச் சுவாசிக்கிறார். எனவே, பறவையின் நலமும் பண்ணைத் தொழிலாளியின் நலமும் ஒன்றாகவே காக்கப்பட வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் வழிப் பெறப்படும் முடிவாகும்.