சுஹைலுக்குப் பக்கத்தில் ஒரு மோதல்



போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டா: "சேர், கண்ணுக்குத் தெரியாததை எப்படி நிறுக்கிறது?" வகுப்பே சிரித்தது. மணி அடித்ததால் நானும் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பதில் இது.

மாசி மாதம், இரவு ஒன்பது மணிபோல பண்ணையில் நின்று தெற்கே பாருங்கள். தாழ்வாக, பிரகாசமாக ஒரு நட்சத்திரம் தெரியும். நாங்கள் சுஹைல் என்போம். அயலவர்கள் அகத்தியர் நட்சத்திரம் என்பார்கள். அதற்கு இடப்பக்கம் சற்றுக் கீழே, வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் புல்லட் கொத்து இருக்கிறது. சுமார் 370 கோடி ஒளியாண்டு தூரத்தில் மோதிக்கொண்ட இரண்டு கலக்சிக் கொத்துகள் அவை.

1933இல் பிரிட்ஸ் சுவிக்கி என்ற விஞ்ஞானி கோமா கொத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள கலக்சிகள் ஓடும் வேகத்துக்கு, தெரிகின்ற பொருளின் ஈர்ப்பு போதாது. தெரியாத பொருளும் இருக்க வேண்டும் என்றார். ஒரு கொத்தின் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியை வில்லைபோல வளைக்கும், அதைக்கொண்டு கொத்தை நிறுக்கலாம் என்று 1937இல் எழுதினார். நீண்டகாலம் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

1970 டிசம்பர் 12இல் கென்யக் கடலோரத்திலிருந்து உஹுரு செய்மதி ஏவப்பட்டது. கொத்துகளில் பரந்திருக்கும் கொதிவாயு எக்ஸ் கதிர் வீசுவதை அது காட்டியது. ஆக, இரண்டு தராசுகள்: எக்ஸ் கதிர், ஈர்ப்பு வில்லை. குழப்பமில்லாத கொத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே நிறையைக் காட்டும். மோதிய கொத்தில்?

புல்லட் கொத்தில் வாயுக்கள் ஒன்றோடொன்று மோதி வேகம் குறைந்து பின்தங்கியதை சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி படம்பிடித்தது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு அந்த வாயுதான். ஆனால் 2006இல் வெளியான வில்லைக் கணக்கு, திணிவின் பெரும்பகுதி வாயுவோடு இல்லை, மோதலைக் கடந்துபோன கலக்சிகளோடு இருக்கிறது என்று காட்டியது. எக்ஸ் கதிரை மட்டும் நம்பியிருந்தால் பாரம் இருக்கும் இடத்தையே பிழையாகச் சொல்லியிருப்போம். கரும்பொருளுக்கு இது வலுவான சான்று.

அந்தத் தொலைகாட்டிக்குப் பெயர் தந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இல் லாகூரில் பிறந்து சென்னையில் படித்த தமிழர். 1935இல் லண்டனில் ஒரு கூட்டத்தில் அவருடைய கணக்கை எடிங்டன் எல்லார் முன்னும் கேலி செய்தார், சபை சிரித்தது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மகள், உங்கட கேள்வி சரியான கேள்வி. சிரித்தது எங்கட பிழை. நாளைக்கும் கேளுங்கோ.