ஓரணாச் சிற்றுண்டி

தியாகராய நகர் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் அந்தத் தியாகராயர் யார் என்று கேட்டால், நீதிக்கட்சித் தலைவர் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள், 1920இல் முதல் மந்திரி பதவி தேடி வந்தும் வேண்டாமென்றவர் என்று சேர்த்துச் சொல்வார்கள். மாநகராட்சிப் பள்ளி வாத்தியாராகவே காலத்தைக் கழித்த எனக்கு அவர் வேறொரு காரணத்தால் பெரிய மனிதர். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். அதை நகரசபைத் தீர்மானமாக்கியது அவர் தலைமையில் நடந்த சபை.

பிட்டி தியாகராயச் செட்டியார் 1852இல் தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். பி.ஏ. படித்தும் தறியை விடவில்லை; சொந்தமாக நெசவாலை வைத்து நடத்தினார். எங்கே போனாலும் வெள்ளை உடைதான். 'வெள்ளுடை வேந்தர்' என்ற பெயர் அப்படி வந்தது. 1882இல் சென்னை நகரசபைக்குள் நுழைந்தவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். அதுவரை அதிகாரிகளே உட்கார்ந்த தலைவர் நாற்காலியில், அதிகாரியல்லாத முதல் தலைவராக உட்கார்ந்தார். அந்தப் பதவிக்கு மேயர் என்ற பெயர் 1933இல்தான் வந்தது.

1920 செப்டம்பர் 16. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தருவதென்று சபை முடிவெடுத்தது. பிள்ளைகள் பரம ஏழைகள், அதனால் பள்ளியில் சேர்க்கை குறைகிறது என்று தியாகராயர் சபையில் எடுத்துச் சொன்னார். ஓரணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது போனது. 1922-23இல் 811 ஆக இருந்த பிள்ளைகள் 1924-25இல் 1,671 ஆனார்கள். இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு!

இந்தக் கணக்கை நான் நம்புவதற்குப் புத்தகம் தேவையில்லை. காலைப் பிரேயரில் வரிசையில் நிற்கும்போதே மயங்கிச் சரிந்த பிள்ளைகளைத் தூக்கி நிழலில் படுக்க வைத்திருக்கிறேன். "காலைல என்னடா சாப்பிட்ட?" என்றால், "பொறையும் டீயும் சார்" என்பான் ஒருவன். இன்னொருவன் பதிலே சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்வான்.

ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாதென்று ஆங்கிலேய அரசு கையை விரித்தது. 1925 ஏப்ரல் 1 அன்று சிற்றுண்டி நின்றது. அந்த ஏப்ரல் முடிவதற்குள் தியாகராயரும் கண்மூடினார். எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்ற தகராறில் பிள்ளைகளின் வயிறு காய்ந்ததை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. 1927இல் திட்டம் திரும்ப உயிர்பெற்றது. காமராஜரின் மதிய உணவு, எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் வந்த காலை உணவு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள்: அந்த 1920 தீர்மானத்தைத் தமிழில் அச்சிட்டு, உங்கள் பள்ளிகளில் பிள்ளைகள் சாப்பிட உட்காரும் இடத்தில் மாட்டி வையுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள்.